லேசரைக் கொண்டு அளந்தது போதும், லேசரையே அளப்போம்

கல்லூரி இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் ஒரு சோதனையைப் பற்றித்தான் இந்த மடல். சிவப்பு லேசரை ஸ்டாண்டில் பொருத்துவார்கள். அதன் ஒளியைக் கிரேட்டிங் வழியாகச் செலுத்தி, திரையில் விழும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேலால் அளந்து, அலைநீளத்தைக் கணக்கிடுவார்கள். பிறகு கிரேட்டிங் இருந்த இடத்தில் லைகோபோடியம் பொடி தூவிய கண்ணாடித் தகட்டை வைத்துத் துகளின் அளவைக் காண்பார்கள். 650 நானோமீட்டரை ஒட்டி விடை வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும்.

நல்ல சோதனைதான். ஒளியின் அலைப் பண்பை இவ்வளவு எளிதாகக் கண்முன் காட்டும் சோதனைகள் அதிகம் இல்லை. ஆனால் அதில் லேசர் வெறும் விளக்காகத்தான் நிற்கிறது. கிரேட்டிங்கைப் பற்றிக் கேள்வி உண்டு, பொடியைப் பற்றிக் கேள்வி உண்டு. அந்தச் சிவப்பு ஒளி எங்கிருந்து, எப்படி, எந்த நிபந்தனையில் வருகிறது என்பதற்கு மட்டும் அந்த மேசையில் இடமில்லை. என் வேண்டுகோள் இதுதான்: அதே மேசையில், அதே கிரேட்டிங்கை வைத்துக்கொண்டு, லேசரையே அளக்கும் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஃபைபர் தகவல் தொடர்புக்கான லேசர் டயோடுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவன். புதிதாக வரும் பட்டதாரிகளோடு நாள்தோறும் பழகுகிறேன். தூண்டப்பட்ட உமிழ்வு என்றால் என்ன என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்கிறார்கள். அதே டயோடு சூடானதும் ஒளி ஏன் குறைகிறது என்று கேட்டால் தயங்கி நிற்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. எண்ணாகவும் வரைபடமாகவும் அவர்கள் கையில் இதை யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சிவப்பு லேசரின் டயோடு ஒரு சிறிய உலோகக் குப்பியில் வரும்; அதற்குள் இருப்பதை முதலில் பார்ப்போம். 5.6 மில்லிமீட்டர் விட்டம், மூன்று கால்கள், மேலே ஒரு கண்ணாடிச் சாளரம். உள்ளே ஒரு சிறு உலோக மேடை. அதன் ஓரத்தில் உப்புக்கல்லை விடச் சிறிய ஒரு சில்லு. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியம் ஆர்சினைடு தளத்தின் மேல் காலியம் இண்டியம் பாஸ்பைடு அடுக்குகளை வளர்த்து, அவற்றின் இருபுறமும் அலுமினியம் கலந்த அடுக்குகளால் மூடியிருப்பார்கள். சில்லின் பின்னால் ஒரு சிறிய ஃபோட்டோடயோடும் இருக்கும். பின்பக்கமாகக் கசியும் ஒளியை அது அளக்கும். மூன்றாவது கால் அதற்காகத்தான்.

சில்லின் இரு முனைகளும்தான் ஆடிகள். தனியாக ஆடி ஒட்டுவதில்லை. படிகத்தை அதன் இயல்பான தளத்தில் பிளந்தால் அணு அளவுக்குச் சமமான முகம் கிடைக்கும். குறைகடத்தியின் ஒளிவிலகல் எண் 3.5 அளவில் இருப்பதால், பூச்சு எதுவும் இல்லாமலே அந்த முகம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 31 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மீதி 69 சதவீதம் வெளியே போய்விடுகிறது. மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டிய இடம் இது. ஒரு முறை போய்த் திரும்பும் ஒளி இரண்டு முகங்களில் அடி வாங்குகிறது. 0.31-ஐ 0.31-ஆல் பெருக்கினால் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். லேசர் ஒளிர வேண்டுமானால் இந்த இழப்பை ஈடுகட்ட, 0.6 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒளி பத்து மடங்குக்கு மேல் பெருகியாக வேண்டும். பழைய ஆய்வகங்களில் இருக்கும் ஹீலியம்-நியான் குழாயில் ஒரு சுற்றுக்குச் சில சதவீதப் பெருக்கம்தான் கிடைக்கும். அதனால்தான் அங்கே கிட்டத்தட்ட முழுதும் பிரதிபலிக்கும் ஆடிகள் வேண்டியிருக்கின்றன. இரண்டு லேசர்களின் வடிவமைப்பும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

அவ்வளவு பெருக்கம் எப்படிக் கிடைக்கிறது? பி-என் சந்தியில் முன்னோக்கு மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்களும் துளைகளும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. மின்னோட்டம் குறைவாக இருக்கும்வரை அந்தப் பொருள் ஒளியை உறிஞ்சவே செய்யும். குவிப்பு ஓர் அளவைத் தாண்டினால் உறிஞ்சுவதும் பெருக்குவதும் சமமாகி, பொருள் ஒளிபுகும் நிலைக்கு வரும். அதற்கும் மேலே போனால் பெருக்கம் மேலோங்கும். அந்தப் பெருக்கம் முகங்களின் இழப்பையும் உள்ளே நடக்கும் சிதறலையும் சரிக்கட்டும் புள்ளிதான் த்ரெஷோல்டு மின்னோட்டம். அதற்குக் கீழே அந்தச் சில்லு ஓர் எல்இடி. அதற்கு மேலே லேசர். ஒரே பொருள் சில மில்லி ஆம்பியர் வித்தியாசத்தில் இரண்டு வேறு சாதனங்களாக நடந்துகொள்வதை மாணவர் தன் கையால் கண்டுவிட்டால், பாடப்புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயமும் அவருக்குப் பிடிபட்டுவிடும்.

இந்தச் சில்லின் ஒவ்வோர் அடுக்கும் ஏதோ ஒரு தோல்விக்குக் கிடைத்த விடை. வகுப்பில் இதை அப்படித்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1962 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டர்ஹாமில் நடந்த ஒரு மாநாட்டில், காலியம் ஆர்சினைடு டயோடுகள் மிக உயர்ந்த திறனோடு ஒளி உமிழ்வதாக எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தினர் அறிவித்தார்கள். அதைக் கேட்ட ஜெனரல் எலெக்ட்ரிக் விஞ்ஞானி ராபர்ட் ஹால், ஊர் திரும்பும் ரயிலிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். இளமையில் தொலைநோக்கிக்காக ஆடி தேய்த்துப் பழகியவர் அவர். டயோடின் இரு முனைகளையும் இணையாகத் தேய்த்து மெருகேற்றினால் அவையே ஆடிகளாகும் என்று கண்டுகொண்டார். அந்தச் செப்டம்பரிலேயே அவருடைய டயோடு லேசராக ஒளிர்ந்தது. சில வாரங்களுக்குள் ஐபிஎம், எம்ஐடி லிங்கன் ஆய்வகக் குழுக்களும் வெற்றி கண்டன. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இன்னொரு ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையே வரவழைத்தார்.

ஆனால் அந்த லேசர்களைத் திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில் வைத்தால்தான் அவை வேலை செய்தன. அதுவும் மின்னோட்டத்தைச் சின்னச் சின்னத் துடிப்புகளாகக் கொடுத்தால் மட்டும். அறை வெப்பத்தில் இயக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரம் ஆம்பியர் வேண்டியிருந்தது. அத்தனை மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுத்தால் டயோடு வெந்துபோகும். எலக்ட்ரான்களைக் கட்டிவைக்க எதுவும் இல்லாததுதான் காரணம். ஒரே பொருளால் ஆன சந்தியில் அவை ஆழமாகப் பரவிப் போய் வீணாயின.

விடை மறு ஆண்டே தாளில் வந்துவிட்டது. ஆற்றல் இடைவெளி குறைந்த ஒரு மெல்லிய அடுக்கை, இடைவெளி கூடிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்தால் எலக்ட்ரானும் துளையும் நடுவிலேயே சிறைப்படும் என்று 1963-இல் ஹெர்பர்ட் குரோமர் சொன்னார். அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் ஷோரஸ் அல்ஃபெரோவும் ருடால்ஃப் கசாரினோவும் இதே கருத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். குரோமரின் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. அவர் வேறோர் இதழில் வெளியிட வேண்டியதாயிற்று. நடைமுறைப் பயன் எதுவும் இருக்காது என்று சொல்லி, அந்த லேசரைச் செய்து பார்க்கவே அவருக்கு வசதி தரப்படவில்லை. 2000-ஆம் ஆண்டு அல்ஃபெரோவும் குரோமரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த அடுக்கமைப்புகளுக்காகத்தான்.

தாளில் இருந்ததைப் பொருளாக்க ஏழு ஆண்டுகள் பிடித்தன. இரு வேறு படிகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்க்கும்போது அணுக்களின் இடைவெளி ஒத்துப்போகாவிட்டால் எல்லையில் பிசகுகள் முளைக்கும். காலியம் ஆர்சினைடும் அலுமினியம் ஆர்சினைடும் இந்த அளவில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வேறுபடுகின்றன. அந்த ஜோடி கைகொடுத்தது. 1970-இல் லெனின்கிராட்டின் ஐயோஃபே நிறுவனத்தில் அல்ஃபெரோவ் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இசுவோ ஹயாஷியும் மார்ட்டன் பானிஷும், அறை வெப்பத்திலேயே தொடர்ந்து ஒளிரும் லேசரை இயக்கிக் காட்டினார்கள். இந்த அமைப்பில் இரண்டு நன்மைகள் ஒன்றாகச் சேர்ந்தன. நடு அடுக்கு எலக்ட்ரான்களைக் கட்டிவைக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள அடுக்குகளைவிடக் கூடுதல் என்பதால் ஒளியையும் அதுவே கட்டிவைக்கிறது. எங்கே பெருக்கம் இருக்கிறதோ அங்கேயே ஒளியும் இருக்கிறது. பல பத்தாயிரமாக இருந்த த்ரெஷோல்டு சில ஆயிரங்களுக்கு இறங்கியது.

அப்போதும் சிக்கல் தீரவில்லை. தொடக்க கால லேசர்கள் சில நொடிகள், சில நிமிடங்கள் ஒளிர்ந்துவிட்டு அணைந்தன. காரணம் 1973-இல்தான் துலங்கியது. ஒளிரும் பட்டையை நுண்ணோக்கியில் பார்த்தபோது கரிய கோடுகள் தெரிந்தன. நேரம் ஆக ஆக அவை வளர்ந்தன. படிகத்தில் இருக்கும் ஒரு சிறிய பிசகு, எலக்ட்ரானும் துளையும் ஒளியின்றிச் சேரும்போது வெளியாகும் ஆற்றலால் நகர்ந்து நகர்ந்து வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த இடம் ஒளி தராது, உறிஞ்சும். இதற்கு மருந்து மின்சுற்றில் இல்லை, படிகத்தின் தூய்மையில் இருந்தது. பிசகு குறைந்த தளம், தகைவு இல்லாத ஒட்டு, ஆக்சிஜன் புகாத வளர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். 1970-களின் பிற்பாதியில், பத்து லட்சம் மணி நேரம் உழைக்கும் என்று மதிப்பிடத்தக்க லேசர்கள் பெல் ஆய்வகத்திலிருந்து வந்தன. 1982-இல் சிடி பிளேயர் கடைக்கு வந்ததும், 1988-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் ஃபைபர் கேபிளான டிஏடி-8 இயங்கத் தொடங்கியதும் இந்த நீண்ட ஆயுளின் பலன்கள்.

இந்த வரலாற்றை ஆண்டுப் பட்டியலாகச் சொன்னால் மாணவர் மனப்பாடம் செய்வார், தேர்வு முடிந்ததும் மறப்பார். கேள்வியாக வைத்துப் பாருங்கள். எலக்ட்ரான் ஓடிப்போகிறது, எப்படிக் கட்டுவாய்? ஒளி சிதறிப்போகிறது, எப்படிப் பிடிப்பாய்? படிகம் பொருந்தவில்லை, எதை எதோடு சேர்ப்பாய்? விடைகளை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். நடு அடுக்கை இன்னும் மெலிதாக்கி, பத்து நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி தானாக எழும். அதுதான் குவாண்டம் கிணறு. ஒளிர வேண்டிய பொருளின் கனமே குறைந்துவிடுவதால், த்ரெஷோல்டு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியராக இறங்குகிறது. உங்கள் மேசையில் இருக்கும் சிவப்பு டயோடிலும் இந்தக் கிணறுகள்தான் இருக்கின்றன.

இனி அதன் நடத்தைக்கு வருவோம். வெப்பம் ஏறினால் த்ரெஷோல்டும் ஏறும். நேர்கோட்டில் இல்லை, அடுக்குக்குறிப் பெருக்கத்தில். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை ஒரே ஓர் எண் சொல்லும். அதற்குப் பண்பு வெப்பநிலை என்று பெயர். வெப்பம் அந்த அளவு உயர்ந்தால் த்ரெஷோல்டு 2.7 மடங்காகும். காலியம் ஆர்சினைடு லேசர்களுக்கு அது 120 கெல்வினுக்கு மேல் இருக்கும். ஃபைபரில் பயன்படும் 1300, 1550 நானோமீட்டர் லேசர்களுக்கு 50 முதல் 70 வரைதான். அந்தப் பொருளில் எலக்ட்ரானும் துளையும் சேரும்போது கிடைக்கும் ஆற்றலை மூன்றாவது ஒரு துகள் பறித்துக்கொள்ளும் ஓஷே நிகழ்வு வலுவாக நடப்பது இதற்கு முக்கியமான காரணம். சிவப்பு லேசரில் வேறொரு குறை உண்டு. அங்கே எலக்ட்ரானைத் தடுக்கும் சுவர் உயரம் குறைவு. சூடு ஏறியதும் எலக்ட்ரான்கள் சுவர் ஏறிக் குதித்துவிடுகின்றன.

நம் ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் த்ரெஷோல்டு 25 மில்லி ஆம்பியர், அதற்கு மேல் ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் அரை மில்லிவாட் ஒளி, பண்பு வெப்பநிலை 80 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். 32 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 3.5 மில்லிவாட் கிடைக்கும். மே மாதப் பிற்பகலில் மின்விசிறி மட்டும் ஓடும் ஆய்வகத்தில் டயோடு 40 டிகிரிக்குப் போனால் த்ரெஷோல்டு 30 மில்லி ஆம்பியராகும். மின்னோட்டம் அதே 32 தான், ஒளியோ 1 மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். காலை பேட்சுக்கும் மதிய பேட்சுக்கும் அளவு ஒத்துவரவில்லை என்றால் மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள்.

அலைநீளமும் வெப்பத்தோடு நகரும். சிவப்பு டயோடில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.2 நானோமீட்டர். 25 டிகிரி சூடேற்றினால் 5 நானோமீட்டர். இதை அளக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் தேவையில்லை. மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் உள்ள கிரேட்டிங்கில் ஒளியை நேராக விழச்செய்து, 2 மீட்டர் தள்ளித் திரையை வைத்தால், முதல் வரிசைப் புள்ளி நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 85 சென்டிமீட்டரில் விழும். 5 நானோமீட்டர் மாற்றம் அதை இன்னும் 8 மில்லிமீட்டர் தள்ளும். சாதாரண ஸ்கேலுக்கே தெரியும் நகர்வு இது. ரெக்கார்டு நோட்டில் 650 என்று எழுதும் மாணவர், எந்த வெப்பநிலையில் 650 என்று ஒரு வரி சேர்த்து எழுதத் தொடங்கினால் அதுவே பெரிய முன்னேற்றம்.

ஃபைபர் உலகில் இந்த நகர்வைச் சும்மா விட முடியாது. ஒரே இழையில் பல அலைநீளங்கள் ஒன்றுக்கொன்று ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் போகின்றன. ஒன்று நகர்ந்தால் பக்கத்துத் தடத்தில் விழும். அதனால் முனை ஆடிகளை மட்டும் நம்பாமல், சில்லின் நீளம் முழுவதும் ஒரு நுண்ணிய கிரேட்டிங்கையே பொறித்துவிடுகிறார்கள். டிஎஃப்பி லேசர் என்பது இதுதான். ஹெர்விக் கோகெல்னிக்கும் சார்லஸ் ஷாங்கும் 1970-களின் தொடக்கத்தில் இதன் கோட்பாட்டை வகுத்தார்கள். அந்தக் கிரேட்டிங்குக்குப் பொருந்தும் ஓர் அலைநீளம் மட்டுமே பிழைக்கும். வெப்ப நகர்வும் டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் அளவுக்குக் குறையும். அதையும் அடக்க, சில்லின் கீழே ஒரு சிறு மின்குளிர்ப்பி இருக்கும். மாணவர் கையில் பிடித்துப் பார்க்கும் கிரேட்டிங்கும், கண்டங்களை இணைக்கும் லேசருக்குள் இருக்கும் கிரேட்டிங்கும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது வகுப்பறையில் ஒரே அடி தூரம்.

இப்போது நான் கேட்கும் சோதனைக்கு வருகிறேன். லேசர் பாயிண்டரை உடைத்து டயோடை எடுக்க வேண்டாம். அதில் மின்சுற்று முன்பே இணைந்திருக்கும். தனியாக விற்கும் 5 மில்லிவாட் சிவப்பு டயோடையும் அதற்கான லென்ஸ் கூட்டையும் வாங்குங்கள். எல்எம் 317 சில்லைக் கொண்டு நிலை மின்னோட்டச் சுற்று அமையுங்கள். 1.25 வோல்ட்டை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் வரும்; 39 ஓம் என்றால் 32 மில்லி ஆம்பியர். அதோடு தொடராக 100 ஓம் மாறு ரெசிஸ்டரை இணைத்தால் மின்னோட்டத்தை 9-இலிருந்து 32 வரை மாற்றலாம். மாறு ரெசிஸ்டரின் தொடுமுனை ஒரு கணம் விலகினாலும் மின்னோட்டம் குறையுமே தவிர எகிறாது. டயோடின் தரவுத் தாளில் இருக்கும் உச்ச வரம்பைப் பார்த்துவிட்டு ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். ஒளியை அளக்க ஒரு சிலிக்கான் ஃபோட்டோடயோடும் மல்டிமீட்டரும் போதும்.

ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மில்லி ஆம்பியராக ஏற்றி, ஒளியைக் குறித்து, வரைபடம் போடச் சொல்லுங்கள். முதலில் தரையை ஒட்டித் தவழும் கோடு ஓரிடத்தில் முறிந்து செங்குத்தாக எழும். எழுந்த பகுதியைக் கீழே நீட்டினால் அச்சைத் தொடும் இடம்தான் த்ரெஷோல்டு. வரைபடத்தோடு நிறுத்திவிட வேண்டாம். அறையை இருட்டாக்கித் திரையையும் பார்க்கச் செய்யுங்கள். த்ரெஷோல்டுக்குக் கீழே ஒளி மங்கலாக, வழவழப்பாக இருக்கும். தாண்டியதும் அந்த ஒளியில் மணல் மணலாக மினுமினுப்பு தோன்றும். ஒளி ஓரியல்பு பெற்றுவிட்டதன் அடையாளம் அது. கிரேட்டிங்கை வைத்தால், கீழே அகலப் பட்டையாக இருந்த முதல் வரிசை மேலே சட்டென்று கூர்மையாகும். பல நானோமீட்டர் அகலத்தில் பரவியிருந்த நிறம் ஒடுங்கிவிட்டது. போலராய்டைச் சுழற்றினால், கீழே பெரிதாக மாறாத ஒளி மேலே ஏறி இறங்கும். ஒளிச்செறிவு, நிறமாலை, ஓரியல்பு, தளவிளைவு என்று நான்கு அத்தியாயங்களும் ஒரு மேசையில், ஒரு குமிழைத் திருப்பும்போது ஒன்றாக மாறுகின்றன. பிறகு டயோடின் கூட்டை வெதுவெதுப்பான காற்றால் சூடேற்றி, மீண்டும் அளந்து, இரண்டாவது கோட்டை அதே தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கும்.

டயோடு எரிந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சில எரியத்தான் செய்யும். ஏன் எரிகிறது என்பதும் பாடத்தில் சேர வேண்டியதே. 100 மில்லிவாட் லேசர் ஒன்றில் ஒளி வெளியேறும் வாய் 1 மைக்ரானுக்கு 3 மைக்ரான் என்றால், அங்கே ஒளிச்செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 30 லட்சம் வாட்டைத் தாண்டும். முகத்தில் இருக்கும் குறைகள் அந்த ஒளியில் கொஞ்சத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் சூடாகும், சூடானால் அந்த இடத்தின் ஆற்றல் இடைவெளி சுருங்கி இன்னும் அதிகமாக உறிஞ்சும். கண்மூடித் திறப்பதற்குள் முகம் உருகிவிடும். உங்கள் 5 மில்லிவாட் டயோடும் மின்னோட்டம் ஒரு கணம் எகிறினால் இப்படித்தான் போகும். விரலில் தேங்கிய நிலைமின்சாரமே போதும். அதனால் மணிக்கட்டில் நில இணைப்புப் பட்டை கட்டிக்கொண்டு தொடப் பழக்குங்கள். எடுத்து வைக்கும்போது கால்களை ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். மின்னூட்டி அணைந்திருக்கும்போதே டயோடை இணைத்து, மின்னோட்டத்தைக் கீழே இறக்கி வைத்து, அதன் பிறகே மின்னூட்டியைப் போடுங்கள். செத்த டயோடுக்கும் உயிருள்ள டயோடுக்கும் வரைபடத்தில் உள்ள வித்தியாசத்தையும் வரையச் சொல்லுங்கள். முறிவு இல்லாமல் கடைசிவரை தவழும் கோடுதான் அது. லேசர் போய் எல்இடி மட்டும் மிஞ்சியிருக்கும்.

கண் பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 5 மில்லிவாட் குறைவுதானே என்று நினைக்கக் கூடாது. அந்த ஒளி இணைகற்றையாக வந்தால், கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் மிக நுண்ணிய புள்ளியாகக் குவித்துவிடும். கற்றை கண் மட்டத்துக்கு மேலோ கீழோ போகட்டும். முடியும் இடத்தில் கறுப்புத் தடுப்பு இருக்கட்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றப்படட்டும். அகச்சிவப்பு டயோடுகளை முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது. மலிவான பச்சைப் பாயிண்டர்களையும் ஒதுக்குங்கள். அவற்றுள் 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டரை உண்டாக்கும். அதைப் பாதியாக்கித்தான் 532 நானோமீட்டர் பச்சை வருகிறது. வடிகட்டி இல்லாதவற்றில் பச்சையோடு அகச்சிவப்பும் கலந்து வரும்.

பாடத்திட்டத்தில் இடமில்லை, நேரமில்லை என்று சொல்வீர்கள். உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. உள்மதிப்பீடு, அங்கீகாரக் கோப்புகள், தொடர் தேர்வுகள் என்று வாரம் கரைந்துவிடுகிறது. அதனால்தான் புதிய பாடத்தைக் கேட்காமல், இருக்கும் சோதனையின் ஒரு நீட்சியை மட்டும் கேட்கிறேன். அலைநீளம் கண்டுபிடித்த அதே அமர்வில், அதே கிரேட்டிங்கை வைத்து, த்ரெஷோல்டுக்குக் கீழும் மேலும் இரண்டு படம் வரையச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முழு வரைபடத்தை இரண்டாம் ஆண்டுக்கோ ஒரு சிறு செயல்திட்டத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் காட்டுகிறேன் என்றால், குறைகடத்தி லேசர் இன்று எங்கும் நுழைந்துவிட்டது. வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பின் முனையில் அது இருக்கிறது. கடையில் பார்கோடு படிக்கும் கருவியில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கெனிச்சி இகா 1977-இல் எண்ணிப் பார்த்த, மேற்பரப்பிலிருந்து செங்குத்தாக ஒளி உமிழும் லேசர், இன்று கைப்பேசியில் முகத்தை அடையாளம் காணும் பகுதியில் இருக்கிறது. இவற்றை வடிவமைக்கவும், சோதிக்கவும், பழுதுபார்க்கவும் ஆட்கள் தேவை. அந்த வேலையில் அன்றாடம் எழும் கேள்விகள் மூன்றுதான்: எந்த மின்னோட்டத்தில், எந்த வெப்பத்தில், எவ்வளவு நாள்? இவற்றைக் கேட்கும் பழக்கம் ஆய்வக மேசையில்தான் வரும்.

ஆகவே என் வேண்டுகோளைச் சுருக்கிச் சொல்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு மேசையில் தொடங்குங்கள். செய்முறைக் கையேட்டில் மூன்று கலங்களைச் சேர்த்துவிடுங்கள்: மின்னோட்டம், ஒளி, வெப்பநிலை. கிடைத்த வரைபடங்களையும் எரிந்த டயோடுகளின் கணக்கையும் பக்கத்துக் கல்லூரி ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். சுற்று அமைப்பதில் ஐயம் வந்தால், என்னைப் போலத் தொழிலில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்களைக் கூப்பிடுங்கள். மறுக்க மாட்டார்கள். த்ரெஷோல்டைத் தன் கையால் அளந்த மாணவர், நாளை எந்தக் கருவியின் தரவுத் தாளைப் பார்த்தாலும், இந்த எண் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்பார். அந்தக் கேள்வியோடு ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தால், மீதியை நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.


லேசர் டயோடு சோதனைப் பணியில் இருக்கும் ஒரு பொறியாளர்